ரசீதின் பின்பக்கம்

தேர்வு முடிந்து நாற்பது நிமிடம்.
டுலூத்தில் மே மாதம்; ஏரியோரம் இன்னும் பனிக்கட்டி.
பர்கர் கடை ரசீதைத் திருப்பிப் போட்டு
மாரிட் கணக்குப் பார்க்கிறாள்.
நூற்றில் நிச்சயம் எழுபத்தொன்று.
சந்தேகம் பதினெட்டு, அதில் பாதி என் பக்கம்.
மீதிக்கெல்லாம் 'சி'.

எதிரே வெண்டெல்
வறுவலைக் கெட்சப்பில் தோய்த்தபடி
"எனக்கு அஞ்சுக்கு அஞ்சு" என்கிறான்.
குறைகுடம் கூத்தாடும்:
அதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டது
நாற்பத்து மூன்றாம் கேள்வி.
அதற்கு அவன் விடை தப்பு.

இவளுக்கோ, தெரிந்ததே தொல்லை.
நிச்சயம் என்றதில் பத்தைக் கழிக்கிறாள்.
இப்படிக் கழிப்பதும் ஒரு பிழைதானோ என்று
நாலைத் திரும்பச் சேர்க்கிறாள்.
அறுபத்தைந்து.
எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதவில்லை.

கட்டுரைக்கு எத்தனை போடுவது?
சில நினைவுகள் மட்டும் ஏன்
ஒளிப்படம்போல் நிற்கின்றன, எடுத்துக்காட்டுடன் விளக்குக.
எடுத்துக்காட்டு தானாக வந்து நின்றது:
அப்பாவின் டிரக்,
பின்விளக்கில் ஒன்று எரியாதது,
பனியில் சறுக்கித் தெருமுனை திரும்பியது.
வாசலில் அம்மா,
கையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.

அதை எழுதவில்லை.
பாடப்புத்தகத்தில் இருந்ததை எழுதினாள்.
ஆனால் எழுதாமல் போன அந்த நான்கு நிமிடம்,
அதை எந்தக் கணக்கில் வைப்பது?

"எவ்வளவு வருது?"
"மூணு. நாலாகவும் இருக்கலாம்."
ஜூலையில் தெரியும்.

ரசீதை மடித்துக் கோட்டுப் பையில் வைக்கிறாள்.
அப்புறம் வெளியே எடுத்து
பட்டாணியா, சோளமா என்று
ஓரத்தில் எழுதி
ஒரு கேள்விக்குறி போடுகிறாள்.