புருசெல்லா

பெரியபுல்லுமலையில்
கிறவல் பாதை காட்டிடம் தோற்கும் இடத்தில்
பவுஸ்தீனாவின் பண்டிப்பட்டி.
ஒன்பது பெட்டை, ஒரு ஆண்.

மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள்
என்பது பண்டியின் கணக்கு.
இந்த முறை
எவளும் அதை முடிக்கவில்லை.
இரண்டாம் மாதத்திலேயே வழுகி விழுந்தன,
உள்ளங்கை நீளம்,
கண் கீறாதவை.
வெறுங்கையால் அள்ளிக்
கச்சான் பாத்தியில் தாட்டிருக்கிறாள்.
பசளையாவது ஆகட்டுமே என்று.

இரத்தம் எடுக்கப் போனவன் நான்.
மேல்வாயில் கயிற்றுச் சுருக்குப் போட்டு
டிலுக்சன் இழுத்துப் பிடிக்க,
அந்த அலறலுக்கு
குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் போயிற்று.

பத்துக் குழாய்.
ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்,
ஐசுக்குள் குழாய்,
கண்டி பஸ்ஸில் என் மடியில் பெட்டி.
பக்கத்துச் சீற்றுப் பிள்ளை கேட்டது:
"என்ன கலர், மாமா?"
சிவப்பு என்றேன்.
மகாஓயா வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தது,
ஒரு கரண்டி தராத கஞ்சனை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம்.
பத்தில் ஏழு.
எழுத்துக் கூட்டி வாசித்தேன்: பு-ரு-செல்-லா.
"என்ன கா, புருசனில்லாவா?
அந்த வருத்தம் எனக்குப்
பதினாறு வருசமா இருக்கே மனே!"
வயிறு குலுங்கச் சிரித்தவள்
பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு
தவிட்டு மூட்டையில் குந்தினாள்.

பொழுதுபட ஏறுமாம் காய்ச்சல்.
நடுச்சாமத்தில் பாய் நனையுமாம்.
விடிந்தால் ஒன்றுமில்லை.
டெங்கும் இல்லை, மலேரியாவும் இல்லை,
பனடோல் மட்டும் இருந்தது டிஸ்பென்சரியில்.

படிவத்தில் ஒரு கட்டம்:
நோய் வந்த வழி.
பின்வேலிக்குக் கூட்டிப் போனாள்.
முள்ளுக்கம்பி வளைந்திருந்தது.
கம்பியில் கறுப்புச் சிலும்பல் மயிர்,
ஈர மண்ணில் ஆழமாய்க் குளம்பு.
"மூண்டு ராவு வந்தான், பல்லன்.
ஒருத்தியும் கத்தல்ல கா.
நான் விளக்கைத் தூக்கினா
என்னைத்தான் முறைச்சாளுகள்."

அவனை எந்தச் சுருக்கில் பிடிப்பது?
அவன் பெயரை எந்தக் குழாயில் எழுதுவது?
கட்டம் ஒன்றரை விரல் அகலம்.
வேலி, என்று எழுதினேன்.

குழி வெட்டினோம். சுண்ணாம்பு மூன்று மூட்டை.
நட்டஈடு பற்றி அவள் கேட்கவில்லை,
நானும் வாயெடுக்கவில்லை.
மிஞ்சிய மூன்றும்
வாளியைக் கண்டு வழமைபோல் ஓடி வந்தன.

திரும்பும் வழியில்தான் நினைவு வந்தது:
போன மாதம் யாரோ
கட்டுத்துவக்கில் ஒன்றை விழுத்தி
இலையில் சுற்றிப் பங்கு அனுப்பியது.
நான்தான் வெட்டினேன்.
பெருவிரலில் அப்போது ஒரு கீறல் இருந்தது,
சின்னதுதான்,
ஆறிவிட்டது.

ஐஸ்கிறீம் பெட்டியை மறுகாலும் கழுவி
வெயிலில் கவிழ்த்திருக்கிறேன்.
நாளைக்கு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு
இரண்டே குழாய்.
ஒன்றில் பவுஸ்தீனா.
மற்றதில் பெயர் எழுதும்போது
கை கொஞ்சம் கோணிவிட்டது.
நேரம் ஆறு பத்து.
முழங்கை உளைகிறது,
பஸ்ஸில் பெட்டி தூக்கியதால் இருக்கும்.