விக்கல்

திசையன்விளை மார்க்கெட்டுக்குப் பின்னால் என் கடை.
பத்துக்குப் பன்னிரண்டு. நாலு பேர் நின்றால் கூட்டம்.
நேற்று ராத்திரி பதினேழு பேர்.

உவரிக்காரர்கள் பிரிண்டர் பக்கம்,
இடையன்குடிக்காரர்கள் வாசல் பக்கம்,
நடுவில் ரெஃப்ரி தவசிக்கனி,
கழுத்தில் இன்னும் விசிலோடு.
கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டு
பென்டிரைவை நீட்டினான் லூர்து.
"யக்கா, கடைசிப் பாயிண்ட் இதுல கெடக்கு.
பந்து கோட்டுல பட்டுச்சா, வெளிய உழுந்துச்சா,
போட்டுக் காட்டுங்க. அது சொல்லட்டும்."

அது என்றால் என் மெஷின்.
ஒன்பது வருசத்துக் கிழடு.

ஓட்டினேன்.
அடிக்கிறவன் குதித்தான். நின்றது.
ஆள் தரையில், பந்து வலைக்கு மேல். நின்றது.
அடுத்துப் பார்த்தால்
பந்து வேலியோரம் உருள்கிறது,
பாதிப் பேர் கையைத் தூக்கிவிட்டார்கள்.
கத்தல் மட்டும் நிற்காமல்
படத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"எம்மா, வீடியோ விக்குதே" என்றார் தவசிக்கனி.

மனுசருக்கு விக்கினால் யாரோ நினைக்கிறார்கள்.
ஒரு மடக்குத் தண்ணீரில் தீர்ந்துவிடும்.
இதற்கு எதைக் கொடுக்க?

பென்டிரைவிலிருந்து எடுத்து உள்ளே போட்டேன்.
விக்கியது.
பில் புரோகிராமை மூடினேன்,
முப்பத்தோரு ஜன்னல்களை மூடினேன்,
யாருக்கோ பாதி நிரப்பிய பான் கார்டு விண்ணப்பம் உட்பட.
விக்கியது.
பிளேயரை மாற்றினேன். வேறு நிறத்தில் விக்கியது.

"என்னதான் கோளாறு?"
புதுப் போன் படத்தை இறுக்கி மடித்துத் தருகிறது.
அந்த மடிப்பு என் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெரியாது,
கைகட்டி நிற்கிறது.
ப்ராசஸர் ஒற்றை ஆளாய்
நொடிக்கு முப்பது சேலை பிரிக்கிறது.
மூச்சு முட்டினால் இரண்டு மூன்றை
அப்படியே தள்ளிவிட்டுப் போகிறது.

தொட்டால் சுட்டது. பெட்டியைத் திறந்தேன்.
விசிறி முழுக்கத் தேரி மண், சிவப்பாய், மாவு மாதிரி.
புளோவரை வைத்ததும்
லூர்துவின் வெள்ளை ஜெர்சி
இடையன்குடி ஜெர்சி நிறத்துக்கு வந்துவிட்டது.
அன்றைக்கு ரெண்டு டீமும்
சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

விக்கல் பாதிதான் நின்றது.
பழைய மடிப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டு
"நாப்பது நிமிசம் ஆவும்" என்றேன்.
டீ வந்தது. கரண்ட் போகாமலிருக்க
ரெண்டு ஊர்ச் சாமியையும் கூப்பிட்டார்கள்.
சீலா மீன் என்ன விலைக்குப் போகிறது என்று
கேட்டுக்கொண்டிருந்தான் ஒருத்தன்.
தொண்ணூற்றொன்பது சதவீதத்தில்
மட்டும் யாரும் பேசவில்லை.

ஓடியது.
எண்ணெய் ஊற்றினாற்போல ஓடியது.
நிறுத்தி, பைய, ஒவ்வொரு ஃபிரேமாய்த் தட்டினேன்.

இருநூற்றுப் பதினாலு:
பந்து கோட்டுக்கு ஒரு சாண் மேலே, இறங்குகிறது.
இருநூற்றுப் பதினைந்து:
ஒரு சாண் மேலே, ஏறுகிறது.

திரும்பத் தட்டினேன். இறங்குகிறது. ஏறுகிறது.
கீழே கொஞ்சம் தூசி.
சுண்ணாம்பு என்றது பிரிண்டர் பக்கம்.
மணல் என்றது வாசல்.

"இன்னொரு போன்ல எடுத்தானே நம்ம ஜெபசிங்?"
"அவன் அப்பம் குதிச்சிட்டான்.
அதுல வானந்தான் தெரியுது."

மெஷின் கோளாறெல்லாம் பார்த்தாச்சு,
இனி இருப்பது மெஷினில் இல்லை என்றேன்.
நூற்றைம்பது ரூபாயை
எழுபத்தைந்து எழுபத்தைந்தாய்க் கொடுத்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆட்டம்.
அதுவரை கோப்பை எந்த ஊருக்கும் போகாதாம்,
யக்கா கடையிலேயே இருக்கட்டுமாம்.

எல்லோரும் வண்டியை எடுத்த பிறகு
தவசிக்கனி திரும்பி வந்தார்.
மறந்துவைத்த சாவியை எடுத்துக்கொண்டு
ஸ்கிரீனைப் பார்த்தபடி சொன்னார்:
"வெளிய சொல்லிராத.
அந்நேரம் கண்ணுல மண்ணு.
ஒரு சிமிட்டுதான் சிமிட்டுனேன்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பெட்டியை மூட உட்கார்ந்தேன்.
கழற்றிய திருகாணிகளைக் கோப்பையில்தான் போட்டிருந்தேன்.
எல்லாம் முடுக்கி, மூடி, ஆன் செய்து, ஓடவும் செய்தது.
கோப்பையைக் குலுக்கினால்
உள்ளே ஒன்று கிடந்து சத்தம் போடுகிறது.