முழங்கால்தான் என்கிறார்கள்

பைசந்தூவில் மழை பிடித்தால்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினா மறைந்துவிடும்.
இந்தப் பக்கம் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கியபடி
இறைச்சிக்கடை வால்தெமார் ஆரம்பிக்கிறார்:
"பதினொரு ஆட்டம். ஒரு கோல் கிடையாது.
நாற்பது வருஷமாய்த் தொடைக்கறி வெட்டுகிறவன்
எனக்குத் தெரியாதா? வலது முழங்கால் போச்சு.
திரும்பும்போது பார்,
வண்டியோடு சேர்ந்து திரும்புகிற மாடு."

"காலெல்லாம் நன்றாய்த்தான் இருக்கிறது" என்கிறார்
மோந்தேவிதேயோ பேருந்தை ஓட்டும் நெல்சன்.
"கூத்து. ராக்கூத்து.
விடிகாலை மூன்று மணிக்குப் பாலத்தடியில் அவன் கார்.
இரண்டு தடவை பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது."

மேசையில் உப்புக்குப்பிதான் கோல்கீப்பர்.
பீர்மூடிகள் இரண்டும் தடுப்பாட்டம்.
எங்கள் ஒன்பதாம் எண், எட்கார்தோ லேமஸ்,
ஒரு தீக்குச்சி.
ஆளுக்கு ஒரு விரலால் நகர்த்திக் காட்டுகிறார்கள்
அவன் அடித்திருக்க வேண்டியவற்றை.
தீக்குச்சி எல்லாவற்றையும் அடிக்கிறது.

கிராசியேலா குரலைத் தாழ்த்துகிறாள்.
"மே மாதமே சால்தோவுக்குப் போய்விட்டாள் பெண்டாட்டி.
சாமான் ஏற்றியதை என் நாத்தனார் பார்த்தாளாம்.
தொட்டில் ஒன்று. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது."

கைமாறிக்கொண்டிருந்த மாத்தே சுரைக்குடுவை
நெல்சன் கையிலேயே நின்றுவிட்டது.

"சம்பளம் வாங்குகிறான் இல்லையா?" என்றார் வால்தெமார்.
"என் ரோசாலியா செத்த மறுநாள் கடை திறந்தவன் நான்."

உண்மை. திறந்தார்.
அன்று அவர் கொடுத்த கறியில் எலும்புத்துணுக்கு கிடந்தது.
யாரும் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
ராத்திரி மருந்துக்கடை என்னுடையது.
"நீ சொல்லு. ஊசி ஏதும் போடுகிறானா?"
"இருமல் மருந்தும் டயப்பரும்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

இந்த நாட்டில் அந்த மாத்திரைகளுக்குச் சீட்டு பச்சை நிறம்.
பூட்டிய இழுப்பறை. தேதி, கையெழுத்து.
அவன் கோல்கள் ஊருக்கு மனப்பாடம்.
அவன் அடையாள அட்டை எண் எனக்கு.

ஞாயிறு பெனால்டி கிடைத்தது.
பந்தை வைத்தான்.
எதற்கு வந்தோம் என்று மறந்துபோய்
அறை நடுவில் நிற்கிறவனைப்போல்
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நடுவர் இரண்டாம் முறையும் ஊதினார்.
பந்து யூக்கலிப்டஸ் மரத்துக்குள் போனது,
ஒரு கிளி கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தியது,
அதற்குப் பிறகுதான் நாங்கள்.

வால்தெமார் கத்தவில்லை.
"முழங்கால்" என்றார், நீதிமன்றத்தில் சத்தியம் செய்வதுபோல.
"முழங்கால்தான். எழுதிவைத்துக்கொள்."
நெல்சன் வாய் திறந்தார்.
வால்தெமார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

இரவு ஒன்றே கால்.
இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு.
முதலில் மழை தெரிந்தது, பிறகு பச்சைச் சீட்டு,
பிறகு அவன் விரல்கள்.
டப்பாவைத் தள்ளினேன். சில்லறையைத் தள்ளினேன்.
விரல்கள் போகவில்லை.

"என்ன பேசிக்கொள்கிறார்கள்?"

தொட்டில் என்று சொல்ல வாய் வரவில்லை.
பாலம் என்றும்.

"முழங்கால்தான் என்கிறார்கள்."

"எந்தக் கால்?"

"வலது."

கொஞ்ச நேரம் மழைச்சத்தம் மட்டும்.
அப்புறம் ஒரு மூச்சு,
நனைந்த பூட்ஸைக் கழற்றும்போது வருமே, அப்படி.

தெருவைக் கடக்கிறவரை திறப்பு வழியாகப் பார்த்திருந்தேன்.
விளக்குக் கம்பம்வரை நேராகத்தான் நடந்தான்.
வெளிச்சத்துக்குள் வந்ததும்
வலது காலை
லேசாக
இழுத்து இழுத்துப் போனான்.