எந்த மீனுக்கு

கொட்பேயில் ஐஸ் விற்பவள் நான்.
கட்டிக் கணக்கில் பில் எழுதுவேன்,
முத்திரை குத்துவேன்.
முப்பத்தேழு வயதுவரைக்கும்
ஐஸ் என்றால் எனக்கு எடை, மரத்தூள், சாக்கு,
ஒழுகிக்கொண்டே வாசல் தாண்டும் லொறி.

ஓஸ்லோ மச்சாளின் பெட்டியில்
சொக்லேட்டுக்கும் பழைய ஜக்கெட்டுக்கும் கீழே
வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி,
அடியில் கத்தி வைத்தது.
மகளுக்குச் சிறுத்துப்போச்சாம்.
"அலுமாரிக்குள்ள வடிவுக்கு வை" என்று குரல்செய்தி.
போட்டுப் பார்த்தேன்.
அளவாக இருந்தது.
குற்றமெல்லாம் அந்த அளவில்தான்.

மீன் சந்தைக்குப் பின்னால் சாணை பிடிக்கும்
தஸ்லீமிடம் கொண்டுபோனேன்.
திருப்பினார். பெருவிரலால் தடவினார்.
"இது எந்த மீனுக்கு?"
சொன்னேன்.
சிரிக்கவில்லை அவர்.
"நடுவுல வாய்க்கால் ஓடுது,
ரெண்டு பக்கமும் ரெண்டு விளிம்பு.
நான் தொட்டா ரெண்டையும் ஒண்டாக்கிருவன்.
கொண்டு போங்க."

ஒற்றைக் காலுக்குள்ளேயே
சாய இரண்டு பக்கம் இருப்பது
அன்றுதான் தெரியும்.

சூரை முழுவதும் கொழும்புக்கு ஏறிய இரவு
மூன்றாம் நம்பர் குளிரறையைக் கழுவினேன்.
குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே திறந்துவிட்டேன்.
பன்னிரண்டடிக்குப் பத்தடி.
விடிவதற்குள் இறுகிவிட்டது,
மூலையில் ஒரு செதிலையும் உள்ளே பூட்டிக்கொண்டு.
மெஷின் பார்க்கும் ரெஜினோல்ட்
ஏன் என்று கேட்கவில்லை.
கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல்
ஒரு செங்கல் கொண்டுவந்து வைத்தான்.

கைப்பேசியில் யாரோ ஒருத்தி,
பாஷை விளங்காது, முழங்கால் விளங்கும்.
மடி. இன்னும் மடி.
விழுவதென்றால் பக்கவாட்டில் விழு.
விழுந்ததும் விரல்களை மூடிக்கொள்.
கத்தியின் நுனியில் ஒரு பல்வரிசை உண்டு.
பறக்கிறவர்களுக்கு அது உந்துவதற்கு,
எனக்குக் குப்புற விழுவதற்கு.

முதல் நாள் ஒன்பது தரம்.
இரண்டாம் நாள் எண்ணவில்லை.
இடுப்பில் நாவற்பழ நிறத்தில் ஒரு தீவு
பெருத்துக்கொண்டு வந்தது.
"படியில சறுக்கிட்டன்" என்றேன் கந்தோரில்.
"உங்கட வீட்டில படியே இல்லையே"
என்றாள் ஃபர்ஸானா,
ரசீதுப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

ஒரு புதன்கிழமை கரண்ட் போனது.
இருட்டில், சுவரில் இரு கையும் ஊன்றி,
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
கத்திமேல் நின்றேன்.
வெளியே முப்பத்து நான்கு பாகை.
செங்கல் விட்ட இடைவெளியால்
அது உள்ளே வந்து என் கணுக்காலை மோந்தது.
காலடியில் என் மைதானம்
ஓரத்திலிருந்து தண்ணீராகிக்கொண்டிருந்தது.
நகரவும் பயம், நிற்கவும் பயம்.
அழுதேனோ என்னவோ,
எல்லாமே ஈரமாக இருந்ததில் சொல்லத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள்
சுவரை விட்டேன்.
குதிகால் இரண்டையும் ஒட்டி, நுனியை விரித்து,
தள்ளி,
பிறகு நுனிகளைக் கிட்டக் கிட்டக் கொண்டுவந்து...
மூன்று விநாடி இருக்கும்.
நான் ஒன்றும் செய்யாமலே
என் உடம்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனது.
நிறுத்தத் தெரியாது இன்னும்.
எதிர்ச் சுவர் நிறுத்தியது.

திரும்பிப் பார்த்தால்
தரையில் இரண்டு கோடுகள் பிரிந்து,
வயிறு பெருத்து, மறுபடி சேர்ந்து,
முடிவில் சின்னதாய் ஒரு வால்.
வால் நான் தடுமாறிய இடம்.
தஸ்லீமுக்குப் பதில் கிடைத்துவிட்டது,
போய்ச் சொல்லத்தான் வெட்கம்.

நாலரைக்கு லொறி வந்தது.
அதன்மேலேயே கொட்டினார்கள்,
கண் திறந்தபடி ஆயிரம் கிலோ.

பஸ் நிலையத்தடியில் இறங்கினேன்.
இரவு மழையில் தார் மினுங்கியது.
பேப்பர் தின்றுகொண்டிருந்த மான்கள்
ஹோர்ன் சத்தத்தில் கலைய,
ஒரு குட்டிக்கு மட்டும்
நான்கு கால் நான்கு திசைக்குப் போனது.
"முழங்காலை மடி!"
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல.
தேத்தண்ணிக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்,
குட்டியை இல்லை,
ரோட்டோரம் அரைவாசி குந்தியபடி
இரண்டு கையையும் விரித்து நின்ற என்னை.