கேஸ் மூடினோமா

மொட்டை மாடிக் குழாயடியில்
பழைய பல் பிரஷால் ஷூவைத் தேய்க்கிறேன்.
ஆறிப்போன டீயின் நிறத்தில் ஒரு மண்.
இக்கிட்டோஸ் படகுத்துறையில் ஏறிக்கொண்டது,
மூன்று விமானம் மாறியும் இறங்கவில்லை.
பெரம்பூர் வந்து பத்தாம் நாள்
மெட்ரோ வாட்டரில் கரைந்து
குழாய் வழியே இறங்கி
ஓட்டேரி நல்லாவுக்குப் போகிறது.
அங்கே விசா கேட்க யாருமில்லை.

"மச்சு பிச்சு எப்படி இருந்துச்சு?"
லிஃப்டில் பிரிசில்லா கேட்கிறாள்,
ஆவின் பூத்தில் கேட்கிறார்கள்,
கூடுவாஞ்சேரி மனையை விற்றுக்கொடுத்த புரோக்கர்
போன் போட்டே கேட்கிறார், பங்காளி போல.
"மேகம் மூடிக்கிச்சு" என்கிறார் மாசிலாமணி.
பொய்யென்றும் சொல்ல முடியாது.

டிக்கெட் போட்ட நாளில்தான் குஸ்கோவில் சண்டை.
ஒரு போர்வையில் ஆரம்பித்து
இருபத்தாறு வருடம் பின்னால் போனோம்.
என் பிரசவம் தவறிய வாரம்
ஐ.சி.எஃப்பில் ஓவர்டைம் பார்த்தாரே, அதுவரை.
ரயில் மலைக்குப் போனது, எங்கள் இரண்டு சீட்டும் காலியாக.
வாழ்நாளெல்லாம் ரயில் பெட்டி செய்த மனிதர்
ஒரு ரயிலைத் தவறவிட்டது அன்றைக்குத்தான்.

அதற்கு முந்தைய மாதம் லா பாஸ்.
பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில்
சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.
தொப்பி வைத்த ஒருத்தி வந்து
உள்ளங்கையில் இலை வைத்தாள்.
கூடவே ஒரு துண்டு சாம்பல்கட்டி.
எனக்கா தெரியாது?
நரம்பு கிள்ளி, மடித்து, சாம்பலைத் தொட்டுக்
கடைவாயில் அடக்கிக்கொண்டேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
சுண்ணாம்புக் கறை மட்டும்தான் குறைச்சல்.

லிமா வரை பஸ்ஸில் பேசவில்லை.
புக்கால்பாவில் இறங்கினால், பஜாஜ் ஆட்டோ!
ஊர்க்காரனைக் கண்டாற்போல
அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.
என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு ஆறு.
சரக்குப் படகின் மேல்தளத்தில்
நூறு தூளி, நூறு குடும்பம்,
கீழே வாழைத்தார், கோழி, சிமெண்ட் மூட்டை.
என் தூளிக்கும் அவர் தூளிக்கும் ஒரு சாண்.
ஆறு வளையும்போதெல்லாம்
என் இடுப்பு அவர் முழங்காலில் இடித்தது.
பேசாமல் இருந்துவிடலாம்.
இடிக்காமல் இருக்க முடியாது.
கரையில் காடு வந்துகொண்டே இருந்தது.
முதல் நாள் பார்த்தேன்,
இரண்டாம் நாள் பார்த்தேன்,
மூன்றாம் நாள் அதுதான் எங்களைப் பார்த்தது.

படகுக்காரப் பையனிடம் ஒரே ஒரு சொல் இருந்தது: "யா."
சாப்பாடு தயார் என்றாலும் யா.
போதும் என்றாலும் யா. இதோ வருகிறேன், யா.
நம் "ஆச்சு" கடல் தாண்டிப்போய்
பாதியாய்த் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.
சொல்ல ஆளில்லை.

நாலாம் இரவு மணல்திட்டில் தட்டி நின்றது படகு.
எஞ்சினை நிறுத்தினார்கள். விளக்கும் போனது.
அப்படி ஒரு இருட்டை நான் போர்த்தியதில்லை.
தவளைகள், ஏதோ ஒன்றின் இருமல்,
எங்கோ ஒரு குழந்தை.
என் கையை என்னாலேயே பார்க்க முடியவில்லை.
அந்தப் பக்கத்திலிருந்து,
பதினோரு நாள் துருப்பிடித்த குரலில்:
"அம்சா, வீட்ல கேஸ் மூடினோமா?"

மூடினேன் என்றேன்.
ரெகுலேட்டரைக் கழற்றி
மூடி போட்டேன் என்றேன்.
அரிசி டப்பாவில் வேப்பிலை போட்டதையும் சொன்னேன்.
பால்காரர் பாக்கி, தண்ணீர் வரி, பிரசவம், ஓவர்டைம்.
அந்தப் பணத்தில்தான் ஆஸ்பத்திரி பில் கட்டினேன் என்றார்.
எனக்குத் தெரியாது.
விடியும்வரை படகு நகரவில்லை,
நல்ல வேளை.

நேற்று இங்கே கரண்ட் போனது.
ஃபேன் நின்றது, கொசு வந்தது,
எதிர் பிளாட்டில் இன்வெர்ட்டர் முனகியது.
பெரம்பூர் இருட்டு
பாதி இருட்டுதான், தெருவிளக்கு கலந்தது.
கட்டிலில் இரண்டு சாண் இடைவெளி.
"படகு கிளம்பிடுச்சா?" என்றேன்.
தூக்கத்தில் புரண்டு,
முழங்காலால் இடித்து,
"யா" என்றார்.