கதவிடுக்கு சேராது

அல்புகர்க்கியில் வெயிலுக்குப் பல் உண்டு.
இருபத்தாறு கோடை
இந்த ப்யூக்கின் கூரையை மென்றிருக்கிறது.
மேல்பூச்சு பொருக்குப் பொருக்காய் எழும்பி
அறுபது மைலைத் தாண்டினால்
பின்னால் வருகிறவர் கண்ணாடியில் போய் ஒட்டும்.
சிக்னலில் ஒரு பையன் ஜன்னலை இறக்கிக் கேட்டான்:
"உங்க காருக்கு அம்மையா?"

எனக்கு அதெல்லாம் உறுத்தவில்லை.
டயாலிசிஸுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனிக்கு உறுத்தியது.
"கண்ணுக்குத் தெரியும் பூச்சுச் சேதம் கூடாது.
வெள்ளிக்குள் புகைப்படம் அனுப்பவும்."

நாடு முழுக்க ஒரே முகப்பு, ஒரே மஞ்சள் பலகை,
ஒரே பழுதான காபி இயந்திரம் உள்ள கடை அது.
கவுண்டரில் லைல் ட்சோசி
மூன்று விலை போட்ட அட்டையை நீட்டினான்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
ஆகக் குறைந்த சோறு
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர்.
அதில் விரலை வைத்தேன்.
மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தை வாசிப்பதுபோல வாசித்தான்:
துரு சேராது.
பள்ளம் சேராது.
கதவிடுக்கு சேராது.
பம்பர் பிளாஸ்டிக், அது வேறு கணக்கு.
"பள்ளத்தின் மேலேயே அடித்தால்?"
"பள்ளம் பளபளக்கும், மேடம்."

பிறகு மேனேஜர் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு
குரலைத் தாழ்த்தினான்:
வீட்டிலேயே தேய்த்துக் கொண்டுவந்தால்
எண்பது டாலர் மிச்சம்.

சனி, ஞாயிறு.
வாளி, உப்புத்தாள், யார் வீட்டு நாயோ ஒன்று.
எதிர்வீட்டு ஆர்செனியோ வேலிக்கு அப்பால் நின்று
வட்டமாய்த் தேய்க்காதே, நேராய்த் தேய் என்றார்.
நேராய்த் தேய்த்தபோது
இது என்ன, வட்டமாய் என்றார்.
முழங்கை வரை மெரூன் சேறு.
மெரூனுக்கு அடியில் சாம்பல்.
வலது மட்கார்டில் மட்டும்
சாம்பலுக்கும் அடியில்
பச்சை.

ராமிரோ சத்தியம் செய்திருந்தான்:
ஒரு கீறல் படாத வண்டி.
விவாகரத்துத் தாளில் ஒன்பதாம் வரியாக
இது என்னிடம் வந்தபோதும்
அதைத்தான் சொன்னான்.
யாரோ எதிலோ மோதிய ஒரு சாயங்காலம்
பதினோரு வருடமாய்
என் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
கோபம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
தண்ணீர் தீர்ந்துவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அதே மெரூன் எடுங்கள்," என்றான் லைல்.
"கதவைத் திறந்தாலும் தெரியாது."
நீலம் என்றேன்.
"தெரியும், மேடம்."
தெரியட்டும்.

வியாழன் மாலை
கடை வாசலில் நின்ற என் காரை
இரண்டு முறை கடந்து போனேன்.
சாவி மூடிக்கொண்டது, வண்டி என்னுடையதுதான்.
கண்ணாடி ரப்பரில் நீலத் தூறல்.
ஆன்டெனாவும் பாதி நீலம்.
பானெட்டில் ஸ்டியரிங் பக்கமாக ஒரு கொசு,
பூச்சுக்குள் கால் பரப்பி, நிரந்தரமாக.
"இது சேருமா?" என்றேன்.
அட்டையைப் புரட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு
"அது இலவசம்," என்றான்.
பின்கதவுப் பள்ளம் சொன்னபடியே பளபளத்தது.
அதில் சாண்டியா மலை, முழுசாய், தலைகீழாய்.

இடப்பக்கம் வெயில் விழ, தள்ளி நின்று படம் எடுத்தேன்.
கம்பெனியிலிருந்து ஒரே வார்த்தையில் பதில்:
ஏற்கப்பட்டது.

திங்கள், காலை ஐந்தே கால்.
முதல் சவாரி, ஒடெல் பிஞ்சம்.
ஒரு கையில் கட்டு, ஒரு கையில் குறுக்கெழுத்துப் புத்தகம்.
நான் கதவைத் திறந்ததும்
இடுக்கில் ஓடிய மெரூனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.
"அம்மாடி, உன் காருக்கு உள்பாவாடை தெரிகிறது."
உட்கார்ந்தாள்.
பெல்ட்டோடு கொஞ்சம் மல்லுக்கட்டினாள்.
"ஏசி போடேன்."

அதுவும் சேராது என்று சொல்லிவிட்டு
நான்கு ஜன்னலையும் இறக்கினேன்.
மூன்று இறங்கின.