கை எண்ணுகிறவள்

நவம்பர் மூடுபனி
உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்க
நூற்றுப் பத்தொன்பது பேர், மடக்கு நாற்காலிகளில்.
நான் கை எண்ணுகிறவள்.
ஓபர்ஹால்ட் ஊராட்சியில் அதற்குச் சம்பளமில்லை,
கூட்டம் முடிந்தால் ஒரு கிண்ணம் சூப்.

கேள்வி ஒன்றுதான்:
பழைய பனி அள்ளும் வண்டியையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதா,
வரியைக் கூட்டிப் புதிது வாங்குவதா.

பால்ட்ஸ் ரீனர் எழுந்தார்.
முப்பது வருடமாக அதை ஓட்டுகிறவர்.
"அதன் இருமல் எனக்குப் புரியும்.
இன்னும் ஐந்து குளிர்காலம் தாங்கும்."

இரும்புக்கடை உர்சீனா உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"போன பிப்ரவரியில் ஆம்புலன்ஸ் வளைவிலேயே நின்றுவிட்டது.
உள்ளே என் மகன்."

அதன்பின் சற்று நேரம்
வெப்பக் குழாய்கள் மட்டும் பேசின.

கைகள் உயர்ந்தன.
சாணம் மணக்கும் கை, வங்கிக் கை,
மரம் அறுக்கையில் இரண்டு விரல் போன கை.
என் கணக்கில் அதுவும் ஒன்று. முழுசாக ஒன்று.

பின்சுவரோரம் டுவார்த்தே நின்றிருந்தார்,
போர்ச்சுகலிலிருந்து வந்து பதினாறு வருடமாக
எங்கள் தெருக்களில் உப்புத் தூவுகிறவர்.
சட்டைப் பைக்குள் இருந்த அவர் கைகளை
நான் எண்ணக் கூடாது.
என் அம்மாவின் கையும்
நாற்பது வயதுவரை மடியில்தான் கிடந்தது.
எங்கள் பெருமையைச் சொல்லும் வாயால்
இதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை தடுமாறினேன்.
இரண்டாம் முறை வேறு எண் வந்தது.
தோள் வலிக்க வலிக்க
மூன்றாம் முறையும் தூக்கிப் பிடித்தார்கள்.
அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.
புது வண்டி.

பால்ட்ஸ் நேராக என்னிடம் வந்தார்.
"சரியாக எண்ணினாயா?"
"மூன்று தடவை."
தலையாட்டிவிட்டு
சூப் வரிசையில் போய் நின்றார்,
உர்சீனாவுக்குப் பின்னால். பேசவில்லை.

எங்கெங்கோ ஆட்சி கவிழ்ந்த செய்தி
வானொலியில் ஓடும் இரவுகளில்
எங்கள் அமைச்சர்களின் பெயரை நினைவுகூரப் பார்ப்பேன்.
ஏழு பேரில் நாலுதான் வரும்.
தூக்கமும் வந்துவிடும்.

ஜனவரி. விடியாத நான்கு மணி.
ஆரஞ்சு விளக்கு என் சுவரில் சுழன்று போகிறது.
வேண்டாமென்று தான் கை தூக்கிய வண்டியில்
பால்ட்ஸ் மேடேறுகிறார்.
உர்சீனா வீட்டு முன்னால் வேகம் குறைத்து
அலகைக் கொஞ்சம் திருப்புகிறார்,
அள்ளிய பனி அவள் வாசலை மூடாதபடி.

டீசல் அதிகம் குடிக்கிறதாம்.
லிட்டர் லிட்டராக
ஒரு சின்ன நோட்டில் குறித்து வருகிறார்,
அடுத்த நவம்பருக்கு.